படிவத்தில் இல்லாத தை மாதம்

இருபத்தாறு வயதில் பணிக்கால நினைவுகளை எழுத அமர்வது நகைப்புக்கு இடமளிக்கும் என்பதை அறிவேன். முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்ந்தவர்களுக்கு உரிய கட்டுரை வகை இது. என்னுடையது நான்கே ஆண்டுகள். ஆயினும் நான் விட்டுவந்த நாற்காலியில் இப்போது அமர்ந்திருக்கும் பவித்ரா சென்ற வாரம் கைப்பேசியில் கேட்டிருந்தாள்: “அக்கா, அடுத்த மாசம் ஃபீல்டு ஒர்க் ஆரம்பிக்குதாம். நீங்க நாலு வருஷம் பாத்தீங்க இல்ல, இன்னான்னா கவனிக்கணும்னு கொஞ்சம் சொல்றீங்களா?” நான் அதிகம் பேசுபவள் அல்லள். எழுதிவிடுவது எளிது என்று தோன்றியது. பத்து வரி எழுத நினைத்தேன். பத்து வரியில் அடங்கவில்லை.

மரக்காணத்திலிருந்து குயிலாப்பாளையம் நோக்கிப் போகும்போது, சாலையை விட்டு முந்திரித் தோப்புகளுக்குள் திரும்பும் ஒரு செம்மண் பாதையின் முடிவில் அந்த நிறுவனம் இருக்கிறது. அங்கே பல்லுயிர்ப் பாதுகாப்பும் வாழிட மீட்டெடுப்பும் முதுகலைப் பாடமாகக் கற்பிக்கப்படுகின்றன. மாணவர்கள் பெரும்பாலும் பெருநகரங்களிலிருந்து வருவார்கள். நல்ல பிள்ளைகள். நெகிழிப் பையைத் தொடமாட்டார்கள். எறும்பைக் கண்டால் சுற்றிக்கொண்டு போவார்கள். தமிழ் தெரியாது. ஆகவே, அவர்கள் மீட்டெடுக்க விரும்பும் நிலத்தில் ஏற்கெனவே குடியிருக்கும் மனிதர்களிடம் பேசுவதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. ஆங்கில இலக்கியத்தில் இளங்கலை முடித்து, மேலே படிக்க வழியின்றி வீட்டில் இருந்த நான் அந்த ஆள் ஆனேன். என் அடையாள அட்டையில் ‘களத் தொடர்பாளர்’ என்று அச்சிட்டிருந்தார்கள்.

பயிற்சி இரண்டு நாள். அதில் ஒன்றரை நாள் வருகைப் பதிவுச் செயலியைப் பற்றியது. எஞ்சிய அரை நாளைத் துறைத் தலைவரே எடுத்துக்கொண்டார். அவரைப் பேராசிரியர் என்றே இங்கே குறிப்பிடுகிறேன். குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை. யாரையும் கடிந்துகொண்டதும் இல்லை. நாம் எழுதிக் கொடுத்த தாளை வாங்கி வாசிப்பார். தமக்குப் பிடிக்காத சொல் வந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, அந்தச் சொல்லின் மேல் மெல்ல வைப்பார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். அந்தச் சொல்லை நாமே கண்டுபிடித்து அடிக்க வேண்டும். அடித்த பிறகே கண்ணாடி அவர் முகத்துக்குத் திரும்பும். களத்துக்கு வரும்போது தேய்த்த கதர்ச் சட்டையும் வெள்ளைக் கான்வாஸ் காலணியும் அணிந்திருப்பார். உப்பளத்தின் வரப்பிலிருந்து கீழே அவர் கால் இறங்கி யாரும் பார்த்ததில்லை. அந்தக் கடற்கரையைத் தமது ஆய்வுக்கூடம் என்று விருந்தினர்களிடம் சொல்வார்.

அவர் எனக்குக் கற்பித்தது ஒன்றே. “நீங்க ஒரு ஒயர் மாதிரிம்மா. கரண்ட் இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போகணும், அவ்வளவுதான். ஒயர் பேசக் கூடாது. உங்களுக்கு இந்த ஏரியா தெரியும், அதுதான் டேஞ்சர். உங்களுக்குத் தெரிஞ்சது டேட்டா கிடையாது.”

நான் மரக்காணத்துக்கு மேற்கே, உள்ளே தள்ளியிருக்கும் ஊரைச் சேர்ந்தவள். எங்களுக்கு இருப்பது மணிலா, அதாவது வேர்க்கடலை, விளையும் கொஞ்சம் நிலம். பேசாமலிருப்பது எனக்கு இயல்பிலேயே வரும். இயல்பாக வருவதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்பதில் அன்று எனக்கு மகிழ்ச்சிகூட இருந்தது.

களப்பணி நாளின் முறைமையைப் பவித்ராவுக்காக எழுதுகிறேன். காலை ஆறரைக்கு வேன் புறப்படும். மாணவர்கள் முகத்தில் வெண்ணிறக் களிம்பு பூசி, கழுத்து வரை மறைக்கும் தொப்பி அணிந்திருப்பார்கள். நிலத்தை அடைந்ததும், குழாய்த் துண்டுகளால் செய்த, ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தூக்கி எறிவார்கள். அது விழுந்த இடத்துக்குள் என்ன முளைத்திருக்கிறது என்று எண்ணுவார்கள். கண்ணை மூடுவது நடுநிலைக்காக. பிறகு மனிதர்களிடம் போவோம். கேள்வி கேட்பதற்கு முன்பு, ஆய்வில் தொடர்புடைய எல்லோர் பெயரும் அடங்கிய இரண்டு பக்க ஒப்புதல் வாசகத்தை நான் உரக்கப் படிக்க வேண்டும். ஒரு சொல்லையும் விடக்கூடாது. கேட்பவர் தலையில் விறகுக் கட்டு இருந்தாலும் விடக்கூடாது. அதன் பிறகு கையடக்கத் திரையில் படிவம் திறக்கும். ஒருவருக்கு இருபத்தைந்து நிமிடம்.

இந்தக் களப்பணி ஆண்டுதோறும் நவம்பரில் தொடங்கி டிசம்பர் பாதியில் முடியும். காரணம் பாடத்திட்டம். ஜூலையில் வகுப்பு, நவம்பரில் களம், ஜனவரியில் புள்ளியியல். இந்தக் கடற்கரையில் நவம்பர் என்பது மழை. உப்பளத்துப் பாத்திகள் முழங்கால் மழைநீரில் மூழ்கிக் கிடக்கும். ஒரு மனிதரையும் காணமுடியாது. உப்பு எடுப்பவர்கள் அப்போது நடவுக்கும் களையெடுப்புக்கும் மேற்கே உள்ள ஊர்களுக்குப் போயிருப்பார்கள். தை பிறந்ததும் திரும்பி வந்து, தண்ணீரை இறைத்து, தரையைக் காலால் மிதித்து இறுக்கி, அதன் பிறகே உப்புநீரைப் பாய்ச்சுவார்கள். எங்கள் பக்கத்துச் சிறு பிள்ளைக்கும் இது தெரியும். வாழிட மீட்டெடுப்பில் முதுகலை பயில்பவர்களுக்குத் தெரியாது. தை மாதத்தில் அவர்கள் குளிரூட்டிய அறைக்குள் இருப்பார்கள்.

என் நான்காம் ஆண்டில் ஆதித்யா என்ற மாணவன் வந்தான். புனேக்காரன். பணிவானவன், கடுமையாக உழைப்பவன். அவனுடைய ஆய்வுத் தலைப்பு, கைவிடப்பட்ட உப்பளங்களில் அலையாத்திக் காட்டை மீண்டும் உருவாக்குவது. தலைப்பை ஜூலையிலேயே பேராசிரியர் ஒப்புக்கொண்டுவிட்டார். நவம்பரில் நாங்கள் செய்யவேண்டியிருந்தது, அதற்கேற்ற கைவிடப்பட்ட உப்பளம் ஒன்றைக் கண்டுபிடிப்பது மட்டுமே. மழையில் அது மிக எளிதாகக் கிடைத்தது.

கால்வாயை ஒட்டிய நான்கு பாத்திகள். அவற்றின் வரப்பில் ஓர் அம்மாள் குடை பிடித்தபடி நின்றிருந்தார். மழையில் கரை அறுத்துக்கொண்டதா என்று பார்க்க வந்தவர். பெயர் கன்னியம்மா. நாற்பத்தைந்து வயதிருக்கும். பாத்திகளின் உரிமையாளர் வேறொருவர். அவரிடமிருந்து வாய்ப்பேச்சில் குத்தகைக்கு எடுத்துப் பல ஆண்டுகளாக உப்பு எடுப்பவர் இவர். நான் ஒப்புதல் வாசகத்தைப் படித்தேன். இரண்டாம் பக்கம் திரும்பியபோது அவர் குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“கல்யாணப் பத்திரிகையில கூட இம்மாம் பேரு போட மாட்டாங்கமா. மேல கேளு.”

படிவத்தின் ஒன்பதாம் கேள்வி: இந்த நிலத்தில் தற்போது உப்பு உற்பத்தி நடைபெறுகிறதா? இல்லை என்றார். நடைபெறவில்லைதான், எதிரே முழங்கால் தண்ணீர் நின்றது. பத்தாம் கேள்வி: எந்த ஆண்டிலிருந்து? மழை தொடங்கியதிலிருந்து என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். அந்தக் கட்டம் நான்கு இலக்க எண்ணைத் தவிர எதையும் ஏற்காது. ஆதித்யா இருமுறை முயன்றான். பிறகு கீழே இருந்த ‘தெரியவில்லை’ என்பதைத் தொட்டான். திரை பச்சையாகி அடுத்த கேள்விக்குப் போயிற்று. நிலத்தின் நிலை என்ற தலைப்பில் இரண்டே கட்டங்கள் இருந்தன: பயன்பாட்டில் உள்ளது, கைவிடப்பட்டது. அவன் இரண்டாவதைத் தொட்டபோது நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் வழியில் வேனில் அவனிடம், தை மாதத்தில் இவர்கள் திரும்பி வருவார்கள் என்றேன். அவர் அப்படிச் சொன்னாரா என்று கேட்டான். சொல்லவில்லை. காலையில் கதவைச் சாத்திவிட்டு வேலைக்குப் போகிறவரிடம் மாலையில் வீடு திரும்புவீர்களா என்று யாரும் கேட்பதில்லை; அவரும் அதைச் சொல்லிக்கொண்டு போவதில்லை. இதை நான் விளக்கியிருக்கலாம். மாறாக, “சொல்லவில்லை” என்று மட்டும் பதில் கூறிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் மன்னிப்புக் கேட்கும் குரலில், அப்படியானால் அதைச் சேர்க்கமுடியாது என்றான். பாடத்தை அவனும் நன்றாகவே கற்றிருந்தான்.

அடுத்து உரிமையாளர். அவர் வானூரில் உரக்கடை வைத்திருப்பவர். உப்பளத்தைப் பார்த்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. ஆங்கில ஒப்பந்தத்தை அவருக்கு நான் தமிழில் சொன்னேன். பிப்ரவரியில் வெளியிலிருந்து மதிப்பீட்டாளர் ஒருவர் வருவார். நட்ட செடிகளில் பாதிக்கு மேல் உயிரோடு இருந்தால் நிலம் ஐந்தாண்டுகளுக்கு நிறுவனத்தின் பராமரிப்பில் இருக்கும். அவர் பாதி கேட்டார். அங்கே வைக்கும் பலகையில் தம் தந்தையின் பெயர் வருமா என்று கேட்டார். வரும் என்று பேராசிரியர் சொன்னதும் கையெழுத்திட்டார். கன்னியம்மாவின் பெயர் அந்த அறையில் ஒருமுறையும் உச்சரிக்கப்படவில்லை. உச்சரித்திருக்கக்கூடிய ஒரே ஆள் நான்.

பலகைக்கான தமிழ் வாசகத்தை எழுதும் பொறுப்பும் எனக்கே வந்தது. இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். ‘பாழ்பட்ட உப்பளம் பசுமைக்குத் திரும்புகிறது, அலைகள் தம் காட்டை மீண்டும் அடைகின்றன’ என்று எழுதினேன். முதலில் ‘திரும்பும்’ என்று இருந்தது. ஓசை நோக்கித் ‘திரும்புகிறது’ என மாற்றினேன். பேராசிரியர் வாசித்தார். கண்ணாடி அவர் முகத்திலேயே இருந்தது. அந்த நாளில் நான் அடைந்த பெருமிதத்தை இங்கே மறைக்க விரும்பவில்லை. இந்தக் கட்டுரையில் வருபவர்களுள் ஏளனத்துக்கு மிகவும் உரியவர் யார் என்று வாசகர் தேட வேண்டியதில்லை.

டிசம்பரில் நட்டார்கள். மண்வெட்டியால் பாத்தியின் தரையில் முழங்கை ஆழத்துக்கு வரிசை வரிசையாகக் குழி எடுத்து, ஒவ்வொன்றிலும் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் ஒரு நாற்று. கடல் ஏறும்போது ஓதநீர் உள்ளே வருவதற்காகக் கால்வாய்ப் பக்க வரப்பை இரண்டு இடங்களில் வெட்டினார்கள். வானூர்க்காரர் வந்து ஒரு செடியைத் தொட்டுப் புகைப்படத்துக்கு நின்றார். கோடையில் அந்தப் பாத்திகளின் ஓரச் சேற்றில்தான் நெட்டைக்காலான்கள் இரை தேடும். காய்ந்த வரப்புகளின் மேல் உப்புக்கொத்தி முட்டையிடும். இவை காடு வளர்ந்த இடத்தில் தங்காத பறவைகள். இதையும் அதே நிறுவனத்தில்தான் கற்பிக்கிறார்கள். அது வேறொரு தாள், வேறொரு ஆசிரியர்.

பொங்கல் கழிந்த மறுவாரம் கைப்பேசி ஒலித்தது. ஒப்புதல் தாளின் அடியில் தொடர்புக்காக அச்சிட்டிருந்தது என் எண்.

“பாப்பா, கன்னியம்மா பேசறேன். உங்காளுங்க பாத்தியில இன்னாத்தயோ நட்டு வெச்சிட்டுப் போயிருக்காங்க. ஒரு நடை வந்து பாத்துட்டுப் போ.”

குரலில் கோபம் இல்லை. ஆதித்யாவை அழைத்துக்கொண்டு போனேன். கன்னியம்மாவுடன் இன்னும் மூன்று பெண்கள், தண்ணீர் இறைக்க வந்தவர்கள், வாளிகளைக் கவிழ்த்து அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் தேவகி என்பவர் ஆதித்யாவை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏம்பா, உங்க ஊர்ல உப்பு மரத்துலயா காய்க்குது?”

அதை மொழிபெயர்த்தேன். ஒயர் என்ற முறையில் அது என் கடமை. அவன் முகம் சிவந்தது. கையடக்கத் திரையை எடுத்துப் பதினான்காம் பதிலாளராகப் பதிந்திருந்த கன்னியம்மாவின் படிவத்தைத் திறந்து, இந்தப் பதில்களை நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்டான்.

கன்னியம்மா அந்தத் திரையைப் பார்க்கவேயில்லை. “கேட்ட, சொன்னேன். அன்னிக்கு வேல நடக்கல, நடக்கலன்னேன். தையில வருவியான்னு கேட்டியா நீ? நாத்து நடாம கெடந்தா வயலெல்லாம் பொறம்போக்கா?”

பிறகு அவர் ஒரு குழியருகே குனிந்து, செடியைச் சுற்றியிருந்த மண்ணைக் கிள்ளி எடுத்து எனக்குக் காட்டினார். மேலே கறுத்து இறுகிய களிமண். அதன் கீழே உதிரி மணல். அந்தக் களிமண் தரை ஒரு பருவத்தில் வந்ததில்லை. ஆண்டுதோறும் தையில் மிதித்து மிதித்து வந்தது. அதில் ஓட்டை விழுந்தால் உப்புநீர் கீழே இறங்கிவிடும்; எஞ்சி விளைவதும் சேறு கலந்து சாம்பலாக வரும். வானூர்க்காரருக்குப் போன் செய்தாராம். செடிதானே வைத்திருக்கிறார்கள், நல்ல விஷயம்தானே, ஓர் ஐந்து வருடம் போகட்டும் என்றாராம்.

“அது இன்னா பாப்பா அஞ்சு வருசம்?”

சொன்னேன். பிப்ரவரி மதிப்பீடு, பாதிச் செடிகள், ஐந்தாண்டுப் பராமரிப்பு எல்லாவற்றையும், யாரும் ஆங்கிலத்தில் முதலில் சொல்லாமலே, நானாகச் சொன்னேன். நான்கு ஆண்டுகளில் அதுவே முதல்முறை. பெண்கள் வாளிகளிலிருந்து எழுந்துவிட்டார்கள்.

கன்னியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “அவன் வெளியூரு, அவனுக்குத் தெரியாது. நீ இந்தப் பக்கத்துப் பொண்ணு. ஒனக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“சொன்னியா?”

“ஒரு தடவ சொன்னேன்.”

“ஒரு தடவ,” என்றார். பிறகு வரப்பில் நட்டிருந்த பலகையருகே போனார். இடுப்பில் கைவைத்து, எழுத்துக்கூட்டாமல், சரளமாகப் படித்தார். “தமிழ் நல்லா இருக்குது. எவ எழுதனது?”

“நான்தான்.”

அவர் திரும்பவில்லை. “அப்ப நீயே புடுங்கு.”

நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்திக்குள் இறங்கினேன். சுடிதாரை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. நாற்றுகள் எளிதாக வந்தன. ஒரு மாதத்தில் அவை பெரிதாக வேர் பிடித்திருக்கவில்லை. முதல் வரிசை முடியும்வரை யாரும் உதவிக்கு இறங்கவில்லை. இரண்டாம் வரிசையில் தேவகி வந்து சேர்ந்தார். பிறகு மற்றவர்களும் வந்தார்கள். ஆதித்யா வரப்பில் நின்றான். கொஞ்ச நேரம் கழித்துக் காலணிகளைக் கழற்றினான். இறங்கி வந்து ஒரு செடியைத் தானும் பிடுங்கினான். அதன் வேரை அளவுகோலில் வைத்து, நீளத்தைக் குறித்துக்கொண்டான். பிறகு கால்களைக் கழுவிக் காலணிகளை அணிந்துகொண்டான்.

இதற்காகத் துறையில் மறுநாளே கூட்டம் நடந்தது. பேராசிரியர் வழக்கம்போல் மென்மையாகப் பேசினார். நிறுவனத்தின் பெயர், மதிப்பீட்டாளரின் வருகை, ஒரு மாணவனின் ஓராண்டு உழைப்பு. எல்லாம் உண்மை. இறுதியில் தை மாதத்தில் அங்கே வேலை நடக்கும் என்று மட்டும் சொன்னேன்.

“இதுக்கு ரெஃபரன்ஸ் இருக்காம்மா?”

“கன்னியம்மா இருக்காங்க சார்.”

அவர் முன்னால் எங்கள் துறைப் பணியாளர் பட்டியல் இருந்தது. கண்ணாடியைக் கழற்றி என் பெயரின் மேல் மெல்ல வைத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார். நான் விலகல் கடிதத்தை எழுதியே கொண்டுபோயிருந்தேன். அதைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் வெளியே வந்துவிட்டேன்.

மதிப்பீட்டாளர் பிப்ரவரியில் வந்து, ஒரு செடியும் இல்லாத நிலத்தைப் பார்த்துவிட்டுப் போனார். ஒப்பந்தம் தானாகக் காலாவதியானது. ஆதித்யாவின் ஆய்வேடு வகுப்பில் முதலிடம் பெற்றது. ஒரு படி எனக்கு அனுப்பியிருந்தான். முடிவுகள் இயலில், நாற்றுகளின் இழப்பு முழுமையானது என்றும், காரணம் உள்ளூர் மனித இடையூறு என்றும் எழுதியிருக்கிறான். நன்றியுரையில், களத்தில் எனது உதவி இல்லாமல் இந்த ஆய்வு நடந்தேறியிருக்காது என்றும் எழுதியிருக்கிறான். இரண்டு இடத்திலும் குறிக்கப்படுவது ஒரே ஆள் என்று ஆய்வேட்டைத் திருத்திய எவருக்கும் தெரிய வழியில்லை. அவன் இப்போது வேறொரு மாநிலத்தின் கடற்கரையை மீட்டெடுக்கப் போயிருப்பதாகக் கேள்வி. அங்கே மழை எந்த மாதம் என்று எனக்குத் தெரியவில்லை.

கன்னியம்மா எனக்கு நன்றி சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. குழிகளில் புதுக் களிமண் அடைத்துத் தரை மிதித்தபோது மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நான் போனேன். “டான்ஸ் ஆடற மாரி மெதிக்கிற பாப்பா. குதிகால ஊனு,” என்பார். நான்கு பாத்திகளில் இரண்டு பங்குனிக்குள் தேறின. ஒன்றில் அந்த ஆண்டு முழுவதும் சாம்பல் உப்புதான் விளைந்தது. இன்னொன்றில் விளையவே இல்லை. மறு தைக்குப் பிறகே அது பழைய நிலைக்கு வந்தது. அந்த நான்கையும் அவர்தான் இன்றைக்கும் நடத்துகிறார். நான் இப்போது தமிழ் இலக்கியத்தில் முதுகலை படிக்கிறேன். அங்கும் படிவங்கள் உண்டு.

பவித்ரா, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். புதிய படிவத்தில் ‘பருவகால இடைவேளை’ என்று மூன்றாவது கட்டம் ஒன்றைச் சேர்த்திருக்கிறார்களாம். பேராசிரியர் அதைப் பற்றி மாநாட்டில் கட்டுரையும் வாசித்தாராம். நல்லது. ஆனால் களப்பணி இன்னமும் நவம்பரில்தான். ஒன்பதாம் கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால், எப்போது திரும்பி வருவீர்கள் என்று நீயாகவே கேள். அது தரவல்ல என்பார்கள். இரண்டாம் முறையும் சொல். நான் ஒருமுறையோடு நிறுத்திக்கொண்டேன்.

வரப்பில் வெட்டிய இரண்டு வாய்களில் ஒன்று மண் போட்டதும் அடைபட்டது. கால்வாயை நேர்நோக்கியிருந்த மற்றது ஒவ்வோர் ஓதத்திலும் அறுத்துக்கொண்டு போயிற்று. ஒருநாள் கன்னியம்மா அந்தத் தகரப் பலகையைப் பிடுங்கி, வாயின் குறுக்கே நிறுத்தி, இருபுறமும் களிமண்ணை அணைத்தார். மேல் வரியிலிருந்த வானூர்க்காரரின் தந்தை பெயர் மண்ணுக்குள் போய்விட்டது. என் வாசகம் மட்டும் தலைகீழாகக் கால்வாயைப் பார்த்து நிற்கிறது. ஓதநீர் தினம் இருமுறை வந்து அதைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போகிறது. சொட்டுத் தண்ணீரும் உள்ளே வருவதில்லை. நான்கு ஆண்டுகளில் நான் பங்குகொண்ட திட்டங்களுள் ஒரு நிலத்தை உண்மையாகவே மீட்டுக் கொடுத்தது அந்தத் தகரம் ஒன்றுதான்.